ஒரு வேளை உணவும் ஒரு சிறைக் கதவும்

(மருத்துவமனையின் ஆண்டு ஸ்தோத்திரக் கூடுகையில், நன்கொடையாளர்களும் ஆதரவாளர்களும் செவிலியர் பள்ளி மாணவியரும் கூடியிருந்தபோது, மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



தொலைவிலிருந்து பஸ் ஏறி, வெயிலையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். டாக்டர் ஐயா புதிய அறுவை அரங்கைப்பற்றியும், இவ்வாண்டு இலவசமாகச் சிகிச்சை பெற்றவர்களைப்பற்றியும் சொன்னார். அவர் கொடுத்த கணக்குக்குப் பின் என்னிடம் கணக்கு ஒன்றும் இல்லை. நம் விடுதி மாணவி ஒருத்தி என்னிடம் கேட்ட ஒரு கேள்வியை மட்டும் உங்கள் முன் வைக்கிறேன். அதற்குப் பதில் சொல்ல எனக்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் பிடித்தன என்றால் நீங்கள் ஆச்சரியப்படுவீர்கள்.

நைஜீரியா நாட்டில், யோபே மாநிலத்தில், டாப்சி என்று ஓர் ஊர். 2018-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் தேதி அங்குள்ள பெண்கள் பள்ளிக்குள் ஆயுதம் தாங்கியவர்கள் புகுந்து 110 மாணவியரைக் கடத்திச் சென்றார்கள். அடுத்த மாதம் 21-ஆம் தேதி அவர்களில் பெரும்பாலோரைத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். லேயா ஷரிபு என்னும் 14 வயதுப் பெண்ணை மட்டும் விடவில்லை. கிறிஸ்துவை மறுதலிக்கச் சொன்னார்கள், அவள் மறுத்தாள். அதுதான் காரணம் என்று திரும்பி வந்த தோழிகள் சொன்னார்கள்.

இந்தச் செய்தியை நான் விடுதிக் காலை ஜெபத்தில் சொன்னேன். அன்று இரவு எட்டு மாணவியர் சாப்பிட வரவில்லை. வார்டன் அம்மா பதறிப்போய் மேலே சென்று பார்த்தால், அவர்கள் முழங்காலில் இருந்தார்கள். "நம்ம தங்கச்சி வயசு அம்மா அவளுக்கு. எங்களுக்குச் சோறு இறங்கல" என்றார்களாம். அப்படித் தொடங்கியதுதான் நம் விடுதியின் வெள்ளிக்கிழமை இரவு உபவாசம். அந்த எட்டுப் பேரும் படிப்பை முடித்துப் போய்விட்டார்கள். அவர்களுக்குப் பின் வந்தவர்கள் அதைத் தொடர்கிறார்கள். அந்த இரவு உணவுக்கான பணம் ஒரு தகரப் பெட்டியில் சேர்கிறது. உலகத்தில் எங்கெல்லாம் விசுவாசத்தின் நிமித்தம் மக்கள் கட்டுண்டிருக்கிறார்களோ, அவர்களுடைய பெயர்களைக் கையால் எழுதி, ஒவ்வொரு பெயராக வாசித்து ஜெபிக்கிறார்கள்.

சென்ற லெந்து காலத்தில், இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி ஜெபம் முடிந்தபின் என் அறை வாசலில் வந்து நின்றாள். நல்ல பிள்ளை. கேலி பேசுகிறவள் அல்ல.

"ஐயா, ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கமாட்டீங்களே?"

"கேளும்மா."

"நாங்க இங்க ஒரு வேளை சாப்பிடாம இருக்கறதால அங்க ஜெயில்ல இருக்கறவங்களுக்கு என்ன பிரயோஜனம் ஐயா? அவங்களுக்கு இது தெரியக்கூடத் தெரியாதே. எங்க வயிறு காயறதால அவங்க கதவு திறக்குமா?"

நான் அவளுக்கு உடனே பதில் சொல்லவில்லை. "அடுத்த வாரம் வாம்மா, பேசுவோம்" என்று அனுப்பிவிட்டேன். பதில் தெரியாததால் அல்ல. இதே கேள்வியை நானும் ஒரு நாள் கேட்டிருக்கிறேன். அவள் கலங்கிய கண்ணோடு கேட்டாள், நான் சிரித்துக்கொண்டு கேட்டேன். அந்தச் சிரிப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

அது 1986-ஆம் ஆண்டு. நான் இறையியல் கல்லூரியில் மாணவன். எங்கள் ஆசிரியர் ஒருவர், கப்பல் தபாலில் சில மாதம் தாமதமாக வந்த ஒரு சபைப் பத்திரிகையை வகுப்பில் காட்டினார். அதில் ஒரு படம். இங்கிலாந்தில், பர்மிங்காம் நகரத்தில், ஓர் ஆலயத்துக்குள் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு மனிதர். டிக் ராட்ஜர்ஸ் என்று பெயர். அவர் அறுவை மருத்துவர், ஆங்கிலிக்கன் சபைக் குருவும்கூட. சோவியத் தேசத்துச் சிறை முகாம் ஒன்றில் வாடிய ஒரு பெண்ணுக்காக, அந்த லெந்து காலம் முழுவதும் சிறைக் கைதி உண்பதைப்போல் உண்டு கூண்டுக்குள் இருந்தார் என்று ஆசிரியர் விளக்கினார்.

பின் பெஞ்சிலிருந்து நான்தான் சொன்னேன்: "சார், இவர் பர்மிங்காமில் பட்டினி கிடந்தால் ரஷ்யாவில் பூட்டு திறந்துவிடுமா?" வகுப்பே சிரித்தது. ஆசிரியர் கோபிக்கவில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "தம்பி, முதலில் ஒரு வேளை நீ விட்டுப் பார். பிறகும் சிரிப்பு வந்தால் சிரி" என்றார். நான் விட்டுப் பார்க்கவில்லை. அன்று மதியம் மெஸ்ஸில் இரண்டாம் முறை சோறு வாங்கியதுகூட எனக்கு நினைவிருக்கிறது.

அந்தப் பெண் யார் என்று பல ஆண்டுகள் கழித்துத்தான் அறிந்துகொண்டேன். அவரைப்பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும், விசேஷமாக இங்கே முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு.

இரினா ரதுஷின்ஸ்கயா என்பது அவர் பெயர். 1954-இல் ஒடெசா நகரில் பிறந்தவர். இயற்பியல் படித்தவர், கவிஞர். தேவன் இல்லை என்று பள்ளிக்கூடத்தில் ஓயாமல் சொல்லிக்கொடுத்த தேசத்தில் வளர்ந்தார். இல்லாத ஒருவரை எதிர்த்து இவ்வளவு பேர் ஏன் இவ்வளவு பாடுபடவேண்டும் என்று அந்தச் சிறுமிக்குச் சந்தேகம் வந்தது. அங்கே தொடங்கியது அவருடைய விசுவாசம். வேலைக்குப் போன இடத்தில், மாணவர் சேர்க்கைத் தேர்வுக் குழுவில் அவரைப் போட்டார்கள். யூதப் பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே கடினமான கேள்வி கேட்டு அவர்களை வடிகட்டவேண்டும் என்பது எழுதப்படாத உத்தரவு. அவர் அதற்கு உடன்படவில்லை. அடுத்தவருக்கு நேரும் அநியாயத்தில் பங்கு கொள்ளமாட்டேன் என்று, தமக்கு நஷ்டம் வரும் என்று தெரிந்தே சொன்னார். சிறைக்குப் போகுமுன்பே அவருடைய உபவாசம் தொடங்கிவிட்டது என்று நான் சொல்வேன்.

1982 செப்டம்பரில் அவரைக் கைது செய்தார்கள். குற்றம், அரசுக்கு விரோதமான பிரசாரம். சாட்சி, அவர் எழுதிய கவிதைகள். 1983-இல் தீர்ப்பு: 7 ஆண்டு கடுங்காவல் முகாம், அதன்பின் 5 ஆண்டு நாடு கடத்தலுக்கு ஒப்பான தூரவாசம். அப்போது அவருக்கு 29 வயது.

மாஸ்கோவுக்குத் தென்கிழக்கே மொர்டோவியா என்னும் பிரதேசத்தில், பராஷெவோ என்ற இடத்தில் அந்த முகாம். அரசியல் கைதிகளான பெண்களுக்கென்று அதில் ஒரு தனி வளாகம். ஒரு கை, இரு கை விரல்களில் எண்ணிவிடும் அளவுக்கே பெண்கள். கையுறை தைப்பது வேலை. அங்கே ஆர்த்தடாக்ஸ் சபையாரும் இருந்தார்கள். லித்துவேனியாவிலிருந்து வந்த கத்தோலிக்கப் பெண்மணி யாத்விகா பெல்யௌஸ்கியேனே இருந்தார். கலீனா பாராட்ஸ் என்ற பெந்தெகொஸ்தே சகோதரியும் இருந்தார். எஸ்தோனியாவிலிருந்து வந்த லாக்லே பாரெக் என்பவர், பின்னாளில் 1992-இல் விடுதலை பெற்ற தம் நாட்டின் உள்துறை அமைச்சரே ஆனார். வெளியே சபைப் பிரிவின் பெயரால் ஒருவரோடொருவர் பேசாதிருக்கக்கூடிய இவர்கள், உள்ளே ஒரே குடும்பமாய் இருந்தார்கள்.

முகாமுக்குள்ளே தண்டனைச் சிறை என்று ஒன்று உண்டு. சிறைக்குள் ஒரு சிறை. மெல்லிய உடை, குளிர்ந்த தரை, போர்வை கிடையாது. ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் சூடான உணவு, மற்ற நாளில் ரொட்டியும் தண்ணீரும். ரஷ்யக் குளிர்காலத்தில் அது எப்படி இருக்கும் என்று, மார்கழிப் பனிக்கே மப்ளர் சுற்றிக்கொள்ளும் நாம் யோசித்துப் பார்க்கவேண்டும். உடல்நலமில்லாத பெண்களையும் அங்கே அடைத்தார்கள்.

அப்பொழுது அந்தப் பெண்கள் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். நோயுற்ற ஒருத்தியைத் தண்டனைச் சிறைக்குக் கொண்டுபோனால், அவள் திரும்பி வரும்வரை மற்றவர்கள் உண்ணாமல் இருப்பது. கவனியுங்கள், இவர்களே அரைவயிற்றுக் கைதிகள். வெளியே இருக்கும் நாம் ஒரு வேளையை விடுவது வேறு, ஏற்கெனவே மெலிந்த உடம்பு இன்னொருத்திக்காகத் தன் ரொட்டியைத் தள்ளிவைப்பது வேறு. இதற்காக அவர்கள் மேலும் தண்டிக்கப்பட்டார்கள். உறவினர் வந்து பார்க்கும் உரிமை பறிபோனது. இரினாவைப் பிடித்து அமுக்கி வலுக்கட்டாயமாக உணவு புகட்டியபோது தலையில் அடிபட்டு மயங்கினார். அப்படியும் அந்த உடன்படிக்கையை அவர்கள் விட்டுவிடவில்லை.

காகிதம் கிடைக்காதபோது அவர் சோப்புக் கட்டியில் தீக்குச்சியால் கவிதை எழுதுவார். மனப்பாடம் ஆனதும் கைகழுவிவிடுவார். எழுத்து தண்ணீரோடு போய்விடும், கவிதை நெஞ்சில் நிற்கும். இப்படி நெஞ்சில் நின்றவை ரகசியமாய் வெளியே வந்தன. 1986-இல் இங்கிலாந்தில் நூலாகவும் வெளிவந்தன. சபைகளில் அவர் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். எழுத்தாளர்களும் பொதுமக்களும் கடிதம் எழுதினார்கள். அந்த ஆண்டு லெந்து காலத்தில்தான், பின் பெஞ்சு மாணவன் நான் பார்த்துச் சிரித்த அந்தக் கூண்டு.

1986 அக்டோபர் 9-ஆம் தேதி இரினா விடுவிக்கப்பட்டார். ஐஸ்லாந்து நாட்டின் ரெய்க்யவிக் நகரில் அமெரிக்க அதிபர் ரீகனும் சோவியத் தலைவர் கொர்பச்சேவும் சந்திக்கப் போகும் வேளை அது. அவ்வாண்டு டிசம்பரில் சிகிச்சைக்காக இங்கிலாந்துக்கு வந்தார். 1992-இல் இரட்டை ஆண் குழந்தைகளுக்குத் தாயானார். பின்பு ரஷ்யாவுக்கே திரும்பி வாழ்ந்து, 2017 ஜூலை 5-ஆம் தேதி மாஸ்கோவில், 63-ஆம் வயதில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

அந்த டாக்டரின் பட்டினியால்தான் பூட்டு திறந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொன்னால் அது உண்மைக்கு மிஞ்சிய பேச்சு. அரசியல் காற்று மாறியது, பல நாட்டுத் தலைவர்கள் பேசினார்கள், பல ஆயிரம் பேர் எழுதினார்கள். எது எவ்வளவு செய்தது என்று பரலோகத்தில்தான் கணக்கு இருக்கிறது.

ஆனால் பிரியமானவர்களே, இந்தப் பெண் வெளியே வந்தபின் எழுதிய ஒன்றைப் படித்த அன்றுதான் என் வாய் அடைபட்டது. தனிச்சிறையின் குளிர் இரவுகளில், எந்தக் காரணமும் இல்லாமல், திடீரென்று ஒரு கதகதப்பும் ஒரு சந்தோஷமும் தம்மை வந்து மூடிக்கொள்ளும் என்று ஒரு கவிதையில் அவர் சொல்கிறார். உறக்கமில்லாமல் சுவரில் சாய்ந்திருக்கும் அந்த நேரத்தில், யாரோ ஒருவர் இப்போது என்னை நினைக்கிறார், எனக்காகத் தேவனிடம் மன்றாடுகிறார் என்று அறிந்துகொள்வாராம். தம்மைக் கைவிடாதிருந்த அந்த முகமறியாத அன்பர்களுக்கு அதில் நன்றியும் சொல்கிறார்.

"அவங்களுக்குத் தெரியக்கூடத் தெரியாதே" என்றாள் நம் பிள்ளை. பெரும்பாலான கைதிகள் நம்மிடம் வந்து பதில் சொல்ல முடிவதில்லை. இந்த ஒரு பெண் சிறைக்குள்ளிருந்து வெளியே வந்து, "எனக்குத் தெரிந்தது" என்று சொல்லிவிட்டார். நான் சிரித்த கேள்விக்குச் சாட்சியே நேரில் வந்து பதில் சொல்லிவிட்டது.

இது எனக்கு 2020-இல் இன்னும் நன்றாக விளங்கிற்று. கொரோனா காலத்தில் தனிமை வார்டுக்குள் போதகர் போகக்கூடாது என்று உத்தரவு. நான் தினமும் மாலையில் அந்த வார்டின் ஜன்னலுக்கு வெளியே, மண்ணில் நின்று ஜெபித்துவிட்டு வருவேன். கண்ணாடிக்கு உள்ளே யார் படுத்திருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. பிழைத்து வீடு திரும்பிய ஒரு பனைத்தொழிலாளி, சில மாதம் கழித்து என்னைத் தேடி வந்தார். கிறிஸ்தவர் அல்ல. "சாமி, அந்தப் பன்னிரண்டு நாளும் எம் பொண்டாட்டி பிள்ளைகூட வரமுடியல. சாயங்காலம் ஆனா ஜன்னல்ல உங்க தலை தெரியும். இன்னிக்கும் வந்துட்டாரு, அப்ப நாம இன்னும் கணக்குல இருக்கோம்னு நெனச்சுக்குவேன்" என்றார். நான் அவருக்கு மருந்து கொடுக்கவில்லை, பிராணவாயு கொடுக்கவில்லை. வெளியே நின்றேன், அவ்வளவுதான்.

கட்டுண்டவன் முதலில் பயப்படுவது பசிக்கு அல்ல, மறக்கப்படுவதற்கு. துன்பப்படுத்துகிறவனும் அதையே விரும்புகிறான். "உன்னை யாரும் நினைக்கவில்லை, கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போ" என்பதுதான் எல்லா நாட்டுச் சிறைகளிலும் சொல்லப்படும் வார்த்தை. நாம் விடுகிற ஒரு வேளை உணவு அந்தப் பொய்க்கு எதிர்ச்சாட்சி.

வேதாகமத்திலே இது புதிய காரியம் அல்ல. ஏத்தியனாகிய உரியாவை நினைத்துப் பாருங்கள். அரசன் விருந்து கொடுத்து வீட்டுக்குப் போகச் சொல்கிறான். பெட்டியும் இஸ்ரவேலும் கூடாரத்தில் இருக்கையில், என் தோழர் வெளியில் படுத்திருக்கையில், நான் வீட்டுக்குப் போய்ப் புசித்துக் குடிப்பேனோ என்று அரண்மனை வாசலிலேயே படுத்துக்கொண்டான். அவன் வாசலில் படுத்ததால் யுத்தம் முடியவில்லை. ஆனால் அன்று எருசலேமில், யுத்தத்தை மறக்காத ஒருவன் இருந்தான். மறந்துபோன அரசன் எப்படிப்பட்ட பாவத்தில் விழுந்துகொண்டிருந்தான் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒநேசிப்போருவையும் நினையுங்கள். ரோமாபுரியில் பவுலின் விலங்கைக்குறித்து வெட்கப்படாமல் தேடி அலைந்து கண்டுபிடித்தவன். விலங்கை உடைத்தான் என்று எழுதப்படவில்லை. இளைப்பாற்றினான் என்று எழுதப்பட்டிருக்கிறது. எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் ஆசிரியர், கட்டுண்டவர்களை நினைக்கும்போது அவர்களோடுகூட நாமும் கட்டுண்டவர்களைப்போல நினைக்கச் சொல்கிறார். தூரத்தில் நின்று பரிதாபப்படுவது வேறு, கூடவே விலங்கு பூண்டவராய் நினைப்பது வேறு.

ஒரு வேளை உணவை விடுவது இதன் தொடக்கம் மட்டுமே. அதே சோவியத் தேசத்தில் இளைஞர்கள் இன்னும் எவ்வளவு தூரம் போனார்கள் என்பதையும் பாருங்கள். லெனின்கிராடு நகரில் ஆயிதா ஸ்கிரிப்னிகோவா என்ற பாப்டிஸ்ட் இளம்பெண், விசுவாசத்தைச் சொல்லும் வாழ்த்து அட்டைகளைத் தெருவில் கொடுத்ததற்காக வேலையையும், நகரில் வசிக்கும் அனுமதியையும் இழந்தாள். அத்தோடு அவள் நிற்கவில்லை. சிறையிலிருந்த சகோதரர்களைப்பற்றிய செய்திகளை வெளிநாட்டார் கையில் சேர்க்கும் வேலையை ஏற்றுக்கொண்டாள். அதற்காக 1968-இல் மூன்று ஆண்டு தண்டனை. தன்னுடைய விடுதலையைக் கொடுத்து, மற்றவர்களுடைய பெயர்களை வெளியே அனுப்பினாள். 1974 அக்டோபரில் லாட்வியாவில், ஒரு பண்ணைவீட்டில் மறைவாய் இயங்கிய வேதாகம அச்சகத்தைப் போலீசார் கண்டுபிடித்து ஏழு பேரைக் கைது செய்தார்கள். தாய் தகப்பன் முகத்தைப் பார்க்காமல், சம்பளம் வாங்காமல், வேதபுத்தகம் இல்லாத சபைகளுக்காக அச்சுக்கோத்தவர்கள் அவர்கள். சிறையாளரின் தாய்மாரும் மனைவிமாரும் 1964-லேயே ஒரு குழுவாய்க் கூடி, கைதிகளின் பட்டியலைத் தயாரித்து வந்தார்கள். அந்தப் பட்டியல்கள் வழியாகத்தான் உலகெங்கும் உள்ள சபைகள் பெயர் சொல்லி ஜெபிக்க முடிந்தது. நம் விடுதிப் பிள்ளைகள் கையால் எழுதி வாசிக்கும் பட்டியல் அந்தப் பரம்பரையைச் சேர்ந்தது என்பதை அவர்களே அறியமாட்டார்கள்.

எல்லாரும் விடுதலையானார்களா? இல்லை. 1964 ஜனவரியில் நிக்கொலாய் க்மாரா என்ற சைபீரிய விசுவாசி, குடிப்பழக்கத்திலிருந்து மனந்திரும்பிச் சில காலமே ஆனவர், சிறைக்குப் போன சில நாட்களில் பிணமாய்த் திரும்பினார். ஜெபித்தவர்கள் அவருக்காகவும் ஜெபித்திருப்பார்கள். ஆகையால், "இத்தனை வேளை உபவாசம், இத்தனை கதவு" என்று தேவனோடு பேரம் பேச நமக்கு அதிகாரமில்லை. இந்த மருத்துவமனையில் நாம் பணிவிடை செய்த எல்லாரும் பிழைத்தார்களா? ஆனாலும் யாரும் தனியாய்ச் சாகக்கூடாது என்றுதானே நம் முன்னோர் இந்தக் கட்டிடத்தை எழுப்பினார்கள்.

இளைஞருக்கு இங்கே மூன்று எச்சரிப்புகள் சொல்லவேண்டும், போதகர் என்ற முறையில் இது என் கடமை.

முதலாவது, சரீரம் தேவனுடைய ஆலயம். இந்த உபவாசம் தொடங்கிய மாதத்திலேயே, ஒரு பிள்ளை இரவு டியூட்டியில் மயங்கி விழுந்துவிட்டாள். நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அம்மா என் அறைக்கு வந்து, "ஐயா, பட்டினி கிடக்கிற நர்ஸ் கையில் ஊசி கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன். அங்கே இருக்கிற கைதிக்காக இங்கே இருக்கிற நோயாளியைப் பலி கொடுக்க முடியாது" என்றார்கள். முற்றிலும் நியாயம். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை இரவு டியூட்டியில் இருப்பவர்களும், இரத்தசோகை உள்ளவர்களும் உணவை விடுவதில்லை. அவர்கள் வேறு ஒன்றை விடுகிறார்கள். ஒருத்தி ஒரு மாதம் டீயை விட்டாள். ஒருத்தி தீபாவளி விடுமுறைக்கு வாங்க வைத்திருந்த சுடிதார் பணத்தைப் பெட்டியில் போட்டாள். இன்னொருத்தி, எனக்கு மிகவும் பிடித்தது இது, தன் கைபேசியை வெள்ளிக்கிழமை முழுவதும் வார்டன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டாள். "சோறு விடறதைவிட இதுதான் ஐயா கஷ்டம்" என்றாள்.

இரண்டாவது, தம்பட்டம் வேண்டாம். அந்தப் படத்தைப் பார்த்து இது வேடிக்கை காட்டுதல் என்று நான் நினைத்தேன். அவர் கூண்டில் இருந்தது தம்மை மற்றவர்கள் பார்ப்பதற்கு அல்ல, அவளை மற்றவர்கள் பார்ப்பதற்கு. அந்த வித்தியாசத்தை ஒவ்வொருவரும் தன் உள்ளத்தில்தான் சோதித்து அறியவேண்டும்.

மூன்றாவது, துன்பப்படுத்துகிறவர்களை வெறுக்க இந்த உபவாசம் நமக்குக் கற்றுக்கொடுக்குமானால், சாப்பிட்டுவிட்டுப் படுப்பதே மேல். அன்று தேர்வறையில் யூதப் பிள்ளைகளுக்காக நின்றவளும் இதே கிறிஸ்தவப் பெண்தான். எந்த மதத்தாராயினும், மனசாட்சியின் நிமித்தம் கட்டுண்டவர்கள் நம் ஜெபத்துக்கு உரியவர்கள். நம் வார்டில் யாரையும் மதம் கேட்டுக் கட்டிலில் சேர்ப்பதில்லை. நம் ஜெபத்திலும் அப்படியே இருக்கட்டும்.

இப்போது கொடுத்துத் தாங்குகிறவர்களாகிய உங்களுக்கு ஒரு வார்த்தை. நம் பாட்டிமார் உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்கு வரும். அந்தப் பிடியரிசியால் ஊழியர்கள் வாழ்ந்தார்கள், பள்ளிக்கூடங்கள் நடந்தன. அது வீட்டில் மிஞ்சிய அரிசி அல்ல. எடுத்தபின் பானையில் ஒரு பிடி குறையும், அதை எல்லாரும் வயிற்றில் உணர்வார்கள். உணர்ந்து கொடுத்ததால்தான் ஊழியரை மறக்கவில்லை. இன்று நம்மில் பலர் உபரியிலிருந்து கொடுக்கிறோம். அதுவும் தேவை, அதனால்தான் இந்த மருத்துவமனையில் விளக்கு எரிகிறது. நன்றியோடு சொல்கிறேன். ஆனால் ஆண்டில் ஒரு முறையாவது, குறைவது தெரியும்படி ஒன்றைக் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு பெயரைச் சொல்லிக் கொடுங்கள்.

விடுதிப் பிள்ளைகளின் பெட்டியை ஒவ்வொரு காலாண்டும் திறக்கிறோம். ஒரு பாதியைத் துன்புறும் குடும்பங்களுக்குத் திருச்சபை மூலம் அனுப்புகிறோம். மறு பாதியை, துணைக்கு யாரும் இல்லாமல் நம் வார்டில் கிடக்கும் நோயாளிகளுக்குச் செலவிடுகிறோம். பிள்ளைகளே அப்படிக் கேட்டார்கள். "அங்கே யாருமில்லாதவங்களுக்காக ஜெபிச்சுட்டு, இங்கே யாருமில்லாத கட்டிலைத் தாண்டிப் போக முடியல ஐயா" என்றார்கள். இதைவிடப் பெரிய பிரசங்கம் நான் செய்ததில்லை.

அந்த இரண்டாம் ஆண்டு மாணவி, சொன்னபடியே அடுத்த வாரம் வந்தாள். இன்று உங்களிடம் சொன்ன கதையை அவளிடமும் சொன்னேன். பின் பெஞ்சில் நான் சிரித்ததையும் மறைக்கவில்லை. கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்படின்னா ஐயா, கதவு திறக்குதோ இல்லையோ, கதவுக்கு இந்தப் பக்கம் ஆள் இருக்கணும்" என்றாள். ஆமாம் அம்மா, அவ்வளவுதான்.

அவள் போகும்போது, "ஐயா, உங்க சார் சொன்னபடி நீங்க ஒரு வேளை விட்டுப் பார்த்தீங்களா?" என்று கேட்டாள். பிள்ளைகள் எங்கே குத்தவேண்டும் என்று அறிந்து குத்துவார்கள். அந்தக் கவிதையைப் படித்த வாரம் முதல் நானும் விடுகிறேன் என்றேன். சர்க்கரை நோய் இருப்பதால் டாக்டர் இரவு உணவை விட அனுமதிக்கவில்லை. வெள்ளிக்கிழமைகளில் நான் விடுவது காலைக் காப்பி. அறுபதைக் கடந்தவனுக்கு அது சின்னக் காரியமல்ல என்று உங்களில் பலருக்குத் தெரியும். காப்பி நினைவு வரும்போதெல்லாம் ஒரு பெயர் நினைவு வருகிறது. அந்த நாள் முழுவதும் பல தடவை வருகிறது.

இன்றிரவு நீங்கள் வீடு திரும்பி, இலையில் உட்காரும்போது, கட்டுண்ட ஒரு பெயரை நினைத்துக்கொள்ளுங்கள். சிறையில் தம்மை வந்து பார்த்தீர்களா என்று ஒரு நாள் நம்மிடம் கேட்கப்போகிற ஆண்டவர், கதவு திறக்க முடியாதவர்களுடைய காத்திருப்பையும் கணக்கில் கொள்கிறவர். அவரே நம் பிள்ளைகளின் இந்தச் சிறிய காணிக்கையையும் உங்கள் அன்பின் காணிக்கையையும் ஏற்று, கட்டுண்டவர்களின் இரவில் கதகதப்பாய் இறங்குவாராக.

ஆமென்.